பிட்.டிரிப் பீட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக இந்த விளையாட்டை ஆடி வருகிறேன், பலருக்கு ஆடவும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆடத் தொடங்கிய ஒவ்வொருவரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன விளையாட்டு?

2009 மார்ச்சில் நின்டெண்டோ வீ என்ற, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோலுக்கு வெளிவந்த சிறிய தாள விளையாட்டு. கடையில் வட்டாகக் கிடைத்ததல்ல. வீயின் இணையக் கடையில் இருந்த வீவேர் என்ற பிரிவிலிருந்து தரவிறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. உருவாக்கியவர்கள் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் இயங்கிய கைஜின் கேம்ஸ் என்ற சிறு குழுவினர்: அலெக்ஸ் நியூஸ், கிறிஸ் ஆஸ்போர்ன், மைக் ரௌஷ். வெளியிட்டது அக்சிஸ் கேம்ஸ். அமெரிக்காவில் அப்போது அதன் விலை 600 வீ புள்ளிகள், அதாவது 6 டாலர்.

திரையின் இடது ஓரத்தில் செங்குத்தாக ஒரு மட்டை நிற்கும். வலது பக்கத்திலிருந்து சிறு சதுரப் பந்துகள் பறந்து வரும். மட்டையை மேலும் கீழும் நகர்த்தி அவற்றைத் தடுக்க வேண்டும். 1972-இல் அட்டாரி வெளியிட்ட பாங் விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் பாங்கில் எதிரே இன்னொரு மட்டை இருக்கும். இங்கே எதிரே இருப்பது இசை.

பந்தைத் தடுப்பதற்கும் தாளத்துக்கும் என்ன சம்பந்தம்?

நான் சந்தித்தவர்களில் பாதிப்பேர் முதல் ஐந்து நிமிடத்தில் இந்தக் கேள்வியோடு நின்றுவிட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான தாள விளையாட்டுகளில் பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் அதற்கு இசைவாகப் பொத்தானை அழுத்தினால் மதிப்பெண் கிடைக்கும். பிட்.டிரிப் பீட்டில் அழுத்துவதற்குப் பொத்தானே இல்லை. பின்னணியில் ஒரு அடித்தாளம் ஓடும். அதற்கு மேலே வர வேண்டிய சுரங்கள் பந்துகளில் இருக்கின்றன. பந்து மட்டையில் பட்டால் அந்தச் சுரம் ஒலிக்கும். தவறவிட்டால் அந்த இடம் ஊமையாகிவிடும். நீங்கள் பாட்டுக்கு ஏற்ப ஆடவில்லை, பாட்டை வாசிக்கிறீர்கள். தவறு செய்தால் அது மதிப்பெண்ணில் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். ஒரே உயரத்தில் மூன்று பந்துகள் சம இடைவெளியில் வருகின்றன: தட், தட், தட். நான்காவது பந்து பாதி வழியில் சட்டென்று நின்றுவிடுகிறது. கண் பதறிப்போய் மட்டையை அங்குமிங்கும் இழுக்கச் சொல்லும். ஆனால் பின்னணி அடியைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பந்து ஒரு அடி மௌனம் காத்துவிட்டு அடுத்த அடியில் வந்து சேரப்போகிறது என்பது புரிந்துவிடும். பாட்டில் இடைவெளி எங்கே வருகிறதோ அங்கே பந்தும் நிற்கிறது. வளைந்து வரும் பந்து, ஒருமுறை பட்டு விலகிப் போய்த் திரும்பவும் வரும் பந்து என எல்லாமே இப்படித்தான். அவற்றின் விசித்திர நடத்தைக்குப் பின்னால் ஒரு தாளக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு காதில் ஏறிய பிறகு கண்ணுக்குப் பாதி வேலைதான்.

எப்படிப் பிடித்து ஆடுவது?

வீ ரிமோட்டைக் கிடைமட்டமாக இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் முன்புறம் உங்களை நோக்கிச் சாயும்போது மட்டை ஒரு திசையிலும், எதிர்ப்புறம் சாயும்போது மறு திசையிலும் போகும். சாய்மானம் எவ்வளவோ, மட்டையின் உயரம் அவ்வளவு. ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி புவியீர்ப்பின் திசையை உணர்ந்து இதைச் சொல்கிறது. ஆகவே தொலைக்காட்சிக்கு மேலே வைக்கும் சென்சார் பட்டைக்கு ஆட்டத்தின்போது வேலை இல்லை.

மட்டை நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ரிமோட் பழுதா?

அநேகமாக இல்லை. கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருப்பீர்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டுகளைத் தொடைமீது வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் திருப்பிப் பாருங்கள். நடுக்கம் பெருமளவு நின்றுவிடும். மட்டை திரையின் நடுவில் நிற்கும் சாய்மானம் எது என்பதைக் கைக்குப் பழக்குவதும் முக்கியம். பந்து வராத ஒவ்வொரு இடைவேளையிலும் நான் அந்த நடு நிலைக்குத் திரும்பிவிடுவேன். அங்கிருந்து மேலே போகவும் கீழே போகவும் ஒரே தூரம்தான். ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் மட்டைக்கு மறு ஓரத்தில் வரும் பந்து எட்டாது.

மொத்தம் மூன்று கட்டங்கள்தானா? அதற்கா 6 டாலர்?

ஆம், மூன்றுதான்: டிரான்சிஷன், டிரான்ஸ்மிஷன், டிசென்ட். ஆனால் ஒவ்வொன்றும் மூன்று நிமிடப் பாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கட்டம் பத்து நிமிடத்துக்கு மேல் இடைவிடாமல் நீளும், முடிவில் ஒரு தலைமை எதிரியும் உண்டு. நடுவில் சேமிக்கும் இடம் கிடையாது. ஒன்பதாவது நிமிடத்தில் தோற்றால் முதல் நொடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இது கொடுமை என்று பலர் சொன்னார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேலை முடிந்து களைத்து வந்து அரை மணி நேரம் ஆட உட்காருகிறவருக்கு, ஒரே இடத்தில் மூன்று முறை தோற்று எழுந்து போவது எந்த மகிழ்ச்சியையும் தராது. ஆனாலும் நான் இந்த அமைப்பின் பக்கம்தான் நிற்பேன். பத்து நிமிட இசையை நடுவில் வெட்டிப் பழகினால், அது எப்படி மெல்லத் தொடங்கி, எங்கே அடர்ந்து, எங்கே மூச்சுவிடுகிறது என்பது தெரியாமலே போய்விடும். முதலிலிருந்து தொடங்கிய ஒவ்வொரு முறையும் தொடக்கப் பகுதி எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஹைப்பர், மெகா, நெதர் என்பவை என்ன?

திரையின் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. பந்துகளைத் தடுக்கத் தடுக்க மேல்பட்டை நிரம்பும். தவறவிட்டால் கீழ்ப்பட்டை நிரம்பும். ஆட்டம் ஹைப்பர் நிலையில் தொடங்குகிறது. மேல்பட்டை நிரம்பினால் மெகாவுக்கு உயர்வீர்கள்: இசை செறிவாகும், திரை ஒளிரும், மதிப்பெண் வேகமாக ஏறும். கீழ்ப்பட்டை நிரம்பினால் ஒரு படி கீழே விழுவீர்கள். ஹைப்பரிலிருந்து விழும் இடம் நெதர்.

நெதரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே வண்ணங்கள் எல்லாம் போய்விடும். கறுப்பில் வெள்ளைக் கோடும் வெள்ளைச் சதுரங்களும் மட்டும் இருக்கும். அதுவரை காதை நிறைத்துக்கொண்டிருந்த இசை அறுந்துவிடும். பந்து மட்டையில் படும் மொட்டை ஒலி மட்டும் கேட்கும். முதல்முறை அங்கே விழுந்தபோது தொலைக்காட்சியின் ஒலி போய்விட்டது என்று நினைத்து எழுந்தேன். எழுந்த அந்த நொடியில் ஆட்டமும் முடிந்துவிட்டது.

நெதரில் தோற்றால் ஆட்டம் முடிந்தது. விடாமல் தடுத்தால் மறுபடி ஹைப்பருக்கு ஏறலாம். பட்டை நிரம்பிய கணத்தில் வண்ணமும் இசையும் ஒன்றாகத் திரும்பி வரும். தண்ணீருக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டியதுபோல் இருக்கும். இந்த விளையாட்டை நான் இன்னும் விட்டுவிடாமல் இருப்பதற்கு இந்தக் கணம் ஒன்றே போதும்.

நெதரில் விழுந்தால் ஒருமுறைகூட மீள முடியவில்லை. என்ன செய்வது?

இசை போய்விட்டது, ஆனால் தாளம் போகவில்லை. பந்துகள் அதே காலப்பிரமாணத்தில்தான் வந்துகொண்டிருக்கின்றன. எனவே நீங்களே தாளம் போடுங்கள்: காலால் தரையில் தட்டுங்கள், அல்லது வாய்க்குள் எண்ணுங்கள். விழுவதற்கு முன்பிருந்தே காலால் தட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, இசை அறுந்தாலும் கால் நிற்காது. இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகுதான் நான் இரண்டாவது கட்டத்தை முடித்தேன்.

ஒரு பலனும் உண்டு. நெதரில் கவனத்தைச் சிதறடிக்கும் எதுவும் திரையில் இல்லை. ஹைப்பரில் விட்ட பந்துகளை அங்கே சுலபமாகப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மெகாவில் ஒளி வெள்ளத்தில் பந்தே தெரிவதில்லையே?

இது உண்மையான குறை, பூசி மெழுக விரும்பவில்லை. பின்னணிக் காட்சிகளும் ஒளிச் சிதறல்களும் சில இடங்களில் பந்துகளை விழுங்கிவிடுகின்றன. நன்றாக ஆடியதற்குத் தண்டனை கிடைத்ததுபோல் இருக்கும். மட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வலது ஓரத்தைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது. பந்து நுழையும் இடத்தில் ஒளிச் சிதறல் குறைவு. மட்டை எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். அதைக் கண்ணால் சரிபார்க்க வேண்டியதில்லை.

சங்கீதம் கற்றிருக்க வேண்டுமா?

வேண்டாம். நாலு நாலாக எண்ணத் தெரிந்தால் போதும்.

மட்டை தாமதமாக நகர்கிறது. விளையாட்டின் கோளாறா, தொலைக்காட்சியின் கோளாறா?

தொலைக்காட்சியைத்தான் முதலில் சந்தேகியுங்கள். நொடிக்கு 60 படங்கள் காட்டும் விளையாட்டில் ஒரு படத்தின் நேரம் சுமார் 16.7 மில்லிநொடி. தட்டைத்திரைத் தொலைக்காட்சி படத்தை மெருகூட்ட 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், நீங்கள் பார்ப்பது ஆறு படங்களுக்கு முந்தைய நிலை. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் இந்தத் தொல்லை இருக்கவில்லை.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, தொலைக்காட்சியின் அமைப்புகளில் கேம் மோடு இருந்தால் அதைப் போடுங்கள். மெருகூட்டும் வேலைகளை அது நிறுத்திவிடும். இரண்டாவது, வீயோடு வந்த மஞ்சள்-வெள்ளை-சிவப்புக் கேபிளுக்குப் பதிலாகக் காம்போனென்ட் கேபிளைப் பயன்படுத்தி, கன்சோலின் அமைப்புகளில் 480பி என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கேபிளில் படம் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று மாறிமாறி வரும். அவற்றை ஒட்டவைக்கத் தொலைக்காட்சிக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். படமும் தெளிவாகும் என்பது உபரி லாபம்.

இந்த விளையாட்டில் ஒரு சலுகை உண்டு. பொத்தானை அழுத்தும் தாள விளையாட்டுகளில் சில மில்லிநொடிகள் பிந்தினால் அடி தவறியதாகிவிடும். இங்கே மட்டை பந்துக்கு முன்பே போய்க் காத்திருக்கலாம். ஆகவே சிறு தாமதத்தை முன்கூட்டியே நகர்ந்து சமாளித்துவிட முடியும்.

புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு ஆடலாமா?

தவிர்த்துவிடுங்கள். புளூடூத்தில் ஒலி 100 மில்லிநொடிக்கு மேல் பிந்துவது சாதாரணம். பந்து பட்ட பிறகு சுரம் வேறொரு நேரத்தில் ஒலித்தால், நீங்கள் வாசிக்கிறீர்கள் என்ற உணர்வே போய்விடும். கம்பியுள்ள ஹெட்ஃபோன் போதும்.

படங்கள் ஏன் இவ்வளவு கட்டம் கட்டமாக இருக்கின்றன? காசில்லையா?

அது தேர்ந்தெடுத்த பாணி. எழுபதுகளின் கடைசியில் வந்த விளையாட்டுகளின் சதுரப் புள்ளிகளை அவர்கள் விரும்பியே எடுத்துக்கொண்டார்கள். அதோடு இடப் பற்றாக்குறை என்ற நிஜமும் இருந்தது. வீவேர் விளையாட்டு ஒன்று சுமார் 40 எம்பிக்குள் அடங்கியாக வேண்டியிருந்தது. கன்சோலின் மொத்த உள்நினைவகமே 512 எம்பிதான். குறுந்தட்டுத் தரத்தில் இசையைச் சேமித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி ஆகும். அந்த 40 எம்பியில் படம் எதுவுமே இல்லாமல் நான்கு நிமிடம்கூட நிறையாது. அதற்குள் பத்து நிமிடத்தைத் தாண்டும் மூன்று கட்டங்களையும் அடைத்திருக்கிறார்கள்.

இசை எந்த வகை?

பழைய கன்சோல்களின் ஒலிச்சில்லுகள் எழுப்பும் ஓசையை அடிப்படையாகக் கொண்ட சிப்டியூன் வகை. கேம் பாய் கருவியின் ஒலிச்சில்லில் நான்கே தடங்கள்: இரண்டு சதுர அலை, ஒரு நிரல் அலை, ஒரு இரைச்சல். இந்த நான்கைக் கொண்டு முழுப் பாடல்கள் அமைக்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான பிட் ஷிஃப்டரின் இசைதான் இதன் முகப்பிலும் இறுதிப் பெயர்ப் பட்டியலிலும் ஒலிக்கிறது. பிட்.டிரிப் என்பது ஆறு பாகங்கள் கொண்ட தொடர், பீட் அதில் முதலாவது. பின்வந்த பாகங்களிலும் இப்படி விருந்தினர் வந்தார்கள்; நான்காவதில் அனமனகுச்சி குழுவின் இசை உண்டு.

இந்த வகை இசை ஆட்டத்துக்குப் பொருந்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில்லின் ஒலி சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடியும். வயலின்போல் மெல்ல எழும் ஒலியாக இருந்தால், பந்து பட்ட கணமும் சுரம் கேட்ட கணமும் ஒட்டாது.

எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம்?

ஒரே திரையில் நான்கு பேர் வரை. ஒருவர் மேல்பாதி, இன்னொருவர் கீழ்ப்பாதி என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இருவரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து அடுத்ததை விட்டுவிடுவீர்கள்.

சிறுவர்கள் ஆடலாமா?

வன்முறை எதுவும் இல்லை. ஆனால் திரையில் ஒளி வேகமாக மின்னி மறையும். ஒளி மினுக்கத்தால் வலிப்பு வரக்கூடியவர்கள், சிறியவரோ பெரியவரோ, இதைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பது நல்லது.

இப்போது எங்கே வாங்குவது?

வீயில் முடியாது. அதன் இணையக் கடையில் புள்ளிகள் வாங்கும் வசதி 2018 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2019 ஜனவரி 30 அன்று கடையே மூடப்பட்டது. வட்டாக வராத எத்தனையோ வீவேர் விளையாட்டுகள் அன்றோடு எட்டாக்கனியாகிவிட்டன. அதை நினைக்கும்போது இன்றும் மனம் கசக்கிறது. சின்ன விளையாட்டு என்பதற்காக அது தொலைந்துபோக வேண்டுமா என்ன?

பிட்.டிரிப் பீட்டுக்கு அந்த நிலை வரவில்லை. 2010-இல் கணினிக்காக ஸ்டீம் தளத்தில் வந்தது. அங்கே மவுஸால் ஆடலாம். 2011-இல் தொடரின் ஆறு பாகங்களையும் சேர்த்து வீக்குப் பிட்.டிரிப் கம்ப்ளீட், நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ்ஸுக்குப் பிட்.டிரிப் சாகா என்ற தொகுப்புகள் வந்தன. வீ கன்சோல் கையில் இருந்தால், கம்ப்ளீட் வட்டைப் பழைய பொருள் விற்பவர்களிடம் தேடுங்கள். ரிமோட்டைச் சாய்த்து ஆடும் அசல் அனுபவம் அதில்தான் இருக்கிறது. 2020-இல் ஸ்விட்ச் கன்சோலுக்கும் வந்துவிட்டது.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கைஜின் கேம்ஸ் 2014-இல் சாய்ஸ் புரொவிஷன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. புதிய பதிப்புகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

அப்போதே வாங்கியது என் வீயில் இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

எஸ்டி அட்டையில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கன்சோலின் மெனு 4.0 பதிப்பாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருந்தால் அட்டையிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆனால் அந்த நகல் அதே கன்சோலில் மட்டும்தான் ஓடும். வேறு வீயில் போட்டால் திறக்காது. ஆகவே அட்டையோடு கன்சோலையும் தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு உருவமாக வருகிறாரே, அவர் யார்?

கமாண்டர் வீடியோ. தொடர் முழுவதற்கும் நாயகர். இந்த முதல் பாகத்தில் அவர் தோன்றுவது சிறிது நேரமே. நான்காவது பாகமான ரன்னரில்தான் அவர் வானவில் பின்தொடர ஓடுவதை ஆசைதீரப் பார்க்கலாம்.

மூன்று கட்டங்களையும் முடித்துவிட்டேன். அடுத்து எதை ஆடுவது?

வரிசை இது: பீட், கோர், வாய்டு, ரன்னர், ஃபேட், ஃபிளக்ஸ். முதலாவது 2009-இல், கடைசி 2011-இல். அதிகம் பேர் விரும்புவது ரன்னர். தடைகளைத் தாண்டி ஓடும் ஆட்டம், கட்டங்களும் குறுகியவை. கோர் எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. அதில் நாலு திசைகளிலும் கவனம் வைக்க வேண்டியிருப்பதால் பாட்டைக் கேட்கவே நேரம் கிடைக்கவில்லை.

பீட்டை நேசித்தவர்கள் எப்படியாவது ஃபிளக்ஸ் வரை போய்விடுங்கள். அது மறுபடியும் மட்டையும் பந்தும்தான். ஆனால் மட்டை இப்போது வலது ஓரத்தில் நிற்கும், பந்துகள் இடப்பக்கத்திலிருந்து வரும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் தலைகீழ். பீட்டில் நூறு முறை பழகிய கண் தானாகத் தவறான ஓரத்துக்குப் போகும். முதல் சில நிமிடங்களுக்குக் காதை மட்டும் நம்பி ஆடிப்பாருங்கள்.